எண்ணெயும் கந்தகமும்

(தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் எழுதியது)

இப்பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் இலக்கிய நயங்களைப் படித்து இன்புறும் வழக்கமுடைய அன்பர்கள், தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் ஒருவன் டீசல் எண்ணெயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வினவக்கூடும். விடை எளிது. யான் பிறந்து வளர்ந்த ஊர் ஓசூர். என் தந்தையார் லாரி ஓட்டுபவர். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் அவருடன் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குச் சென்றபோது, சூளகிரிக்கு அருகில் ஒரு பங்கில் வண்டியை நிறுத்தி எண்ணெய் நிரப்பினோம். தொட்டியின் மூடியை மூடிக்கொண்டே தந்தையார், “முன்னெல்லாம் இந்த மூடியைத் திறந்தால் நெடி மூக்கைத் துளைக்கும். சில வருஷங்களாக அது குறைந்துவிட்டது. எண்ணெயிலிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எடுத்தது என்ன? அது எங்கே போயிற்று? அதனால் நம் வண்டிக்கு நல்லதா, கெட்டதா? நீ படிக்கிற பிள்ளைதானே, சொல்லப்பா” என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாணம் மேலிட, கல்லூரிக்கு மீண்டதும் இரசாயன வகுப்பு நண்பர்களை நாடியும், நூல்நிலையத்தில் அமர்ந்தும், அம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடினேன். அவ்விடையே இக்கட்டுரையாகும்.

எடுக்கப்பட்ட பொருள் கந்தகம். தமிழருக்கு இது புதிய பொருள் அன்று. சித்த மருத்துவர் கந்தகத்தைத் தோல் நோய்களுக்கு உரிய மருந்தாக நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். ஆனால், கடைச்சரக்காக வரும் கந்தகத்தை அவர்கள் அப்படியே வழங்குவதில்லை. நெய்யிலோ வெண்ணெயிலோ இட்டு உருக்கிப் பாலில் ஊற்றி, அதன் மாசு நீங்கச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பர். ஆங்கே கந்தகம் தூய்மை பெறும் பொருள். நாம் இங்குப் பேசப்போகும் தொழிலிலோ கந்தகமே நீக்கப்படும் மாசு.

மண்ணுக்கு அடியிலுள்ள எண்ணெயில் கந்தகம் வந்து சேர்ந்தது எவ்வாறு? பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் சேற்றில் புதைந்து, மேலே படிந்த பாறைகளின் சுமையாலும் பூமியின் வெப்பத்தாலும் எண்ணெயாக மாறின. உயிருடல்களில் இயல்பாகவே சிறிது கந்தகம் உண்டு. கடல்நீரில் கரைந்துள்ள உப்புக்களிலும் உண்டு. இவை இரண்டும் எண்ணெயோடு கலந்துவிட்டன. ஆதலின் கந்தகம் அறவே இல்லாத கச்சா எண்ணெய் இல்லை எனலாம். சில ஊற்றுக்களில் நூற்றுக்கு அரைப் பங்கினும் குறைவு, சிலவற்றில் மூன்று பங்குக்கும் மேல். குறைந்ததை ‘இனிப்பு’ எண்ணெய் என்றும் மிகுந்ததைப் ‘புளிப்பு’ எண்ணெய் என்றும் வணிகர் அழைப்பர். பாரசீக வளைகுடா நாடுகளின் எண்ணெய் பெரும்பாலும் புளிப்பு வகையைச் சார்ந்தது. சென்னைக்கு வடக்கே மணலியில் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், இந்திய அரசாங்கமும் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஈரான் தேசத்து எண்ணெய்க் கழகமும் கூடி அமைத்தது. எனவே கந்தகத்தோடு போராடும் தொழில் நம் மாநிலத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உடையது.

கந்தகம் எண்ணெயில் தூளாகக் கலந்திருப்பதில்லை. கரியணுக்களோடும் ஹைட்ரஜன் அணுக்களோடும் பிணைந்து மூலக்கூறுகளின் உறுப்பாகவே அமைந்திருக்கிறது. ஆகையால் வடிகட்டியோ தெளியவைத்தோ அதனைப் பிரிக்க இயலாது. இவற்றுள் ‘மெர்காப்டன்’ என்னும் ஒரு வகையை நாம் எல்லோரும் அறிவோம். பெயரால் அன்று, மூக்கால். வீட்டிலுள்ள சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு நேர்ந்தால் உடனே தெரியும்பொருட்டு அவ்வாயுவில் இம்மெர்காப்டனில் சிறிதளவைக் கலக்கின்றனர். அடுப்படியில் நம்மை எச்சரிக்கும் அந்நாற்றம் கந்தகத்தின் குணமே. என் தந்தையார் குறிப்பிட்ட பழைய நெடியிலும் அதற்குப் பங்கு உண்டு.

இனி, கந்தகம் எரியும்போது விளைவது யாது என்று காண்போம். எரியும் கந்தகம் பிராணவாயுவோடு கூடிக் கந்தக டை ஆக்ஸைடு என்னும் வாயுவாகிறது. அது மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்து, இழுப்பு நோயாளரையும் குழந்தைகளையும் பெரிதும் வருத்தும். அதில் ஒரு பகுதி மேலும் பிராணவாயுவை ஏற்று, நீராவியோடு சேர்ந்து கந்தகத் திராவகம் ஆகும். எஞ்சினுக்குள்ளே அது இரும்பை அரிக்கும். வானத்தில் மழையைப் புளிக்கச் செய்யும். காற்றில் நுண்துகளாக மிதந்து நுரையீரலின் அடி வரை சென்று தங்கும்.

அளவைக் கண்டால் இது விளங்கும். எங்கள் லாரியின் தொட்டி ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளும். எடையில் 250 கிலோ எனலாம். 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000 பங்கு வரை, கந்தகம் இருக்கலாம் என்பது விதி. அக்கணக்கின்படி ஒரு தொட்டி எண்ணெயில் இரண்டரைக் கிலோ கந்தகம் இருக்கக்கூடும். கந்தகம் எரிந்தால் ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள வாயு பிறக்கும். ஆகவே ஒரு தொட்டி தீர்வதற்குள் ஒரு லாரி ஐந்து கிலோ நச்சுவாயுவைச் சாலையோரத்து ஊர்களில் தெளித்துச் செல்லக்கூடும். இன்றைய விதியோ பத்து லட்சத்தில் 10 பங்கு. அதே தொட்டியில் இப்போது இருக்கக்கூடியது இரண்டரைக் கிராம், ஒரு சிட்டிகை. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்த இம்மாற்றத்தையே தந்தையாரின் மூக்கு உணர்ந்தது.

இவ்வேலையை முதன்முதல் பெரிய அளவில் நிறைவேற்றிய பெருமை ஹெர்மன் பிராஷ் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞரைச் சாரும். அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்து லைமா என்னும் இடத்தில் 1885ஆம் ஆண்டு ஏராளமான எண்ணெய் கிடைத்தது. ஆயினும் அதன் நாற்றம் பொறாமல் விளக்கெரிக்க அதனை வாங்குவார் இல்லை. பிராஷ் அவ்வெண்ணெயைச் செம்பின் ஆக்ஸைடோடு சேர்த்துக் காய்ச்சிக் கந்தகத்தைச் செம்பு பற்றிக்கொள்ளுமாறு செய்து, விலைபோகாத எண்ணெயை விலைபோகச் செய்தார். பின்னர் அவரே 1894ஆம் ஆண்டில், லூயிஸியானா மாகாணத்தில் நிலத்தடியிலிருந்த கந்தகத்தைக் கொதிநீரால் உருக்கி மேலே கொணரும் முறையையும் கண்டார். எண்ணெயிலிருந்து கந்தகத்தை ஓட்டியவரே பூமியிலிருந்து கந்தகத்தை அழைத்தவரும் ஆனார் என்பது விந்தை.

இன்று கையாளப்படும் முறை வேறு. கந்தகத்தைப் பற்றிக்கொள்ளச் செம்பை விடுப்பதற்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவை விடுக்கின்றனர். டீசலையும் ஹைட்ரஜனையும் கலந்து, 300 முதல் 400 டிகிரி வரை வெப்பமேற்றி, வளிமண்டலத்தைப்போல் பல பத்து மடங்கு அழுத்தத்தில், தடித்த எஃகுக் கலம் ஒன்றின் வழியே செலுத்துவர். கலத்தினுள் சிறு சிறு குச்சிகளாக அலுமினா நிறைக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் மாலிப்டினமும், அதற்குத் துணையாகக் கோபால்டோ நிக்கலோ படிந்திருக்கும். இவை தாம் செலவாகாமல் பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவன. கிரியா ஊக்கிகள் எனப்படும். அங்கே கந்தகம் கரியின் பிணைப்பை விட்டு ஹைட்ரஜனைச் சேர்ந்து, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயுவாக வெளியேறும். எண்ணெய் எண்ணெயாகவே மிஞ்சும்.

சொல்வது எளிது; செய்வது அரிது. மெர்காப்டன் போன்ற எளிய கூட்டுக்கள் தொட்டவுடன் கந்தகத்தைக் கொடுத்துவிடும். மூன்று வளையங்கள் இணைந்து, நடு வளையத்தில் கந்தகம் ஒளிந்திருக்கும் மூலக்கூறுகள் சில உள. அவற்றுள்ளும் கந்தகத்தின் இருபுறத்தும் சிறு கிளைகள் முளைத்திருப்பவை மிகக் கொடியன. கோட்டை வாயிலில் இருபுறமும் காவலர் நின்றால் உள்ளே புகுவது எப்படி? கிரியா ஊக்கியின் மேற்பரப்பைக் கந்தகம் தொடவிடாமல் அக்கிளைகள் தடுக்கின்றன. முதலில் வளையங்களை ஹைட்ரஜனால் நிறைத்து நெகிழச் செய்து, பின்னரே கந்தகத்தைப் பறிக்க வேண்டும். 10,000 பங்கை 500 பங்காக்குவது வெளிமதிலைக் கடப்பது போன்றது. 50 பங்கைப் பத்தாக்குவது உட்கோட்டையைப் பிடிப்பது போன்றது. மேலும் அழுத்தம், மேலும் ஹைட்ரஜன், மேலும் திறமுள்ள ஊக்கி ஆகிய அனைத்தும் அக்கடைசிச் சிறு பகுதிக்கே வேண்டியிருந்தன.

இனி இத்தொழிலோடு எங்கள் ஊருக்குள்ள உறவைக் கூறுவேன். ஓசூரில் எண்ணெய் சுத்திகரிப்போர் இலர். எண்ணெயால் ஓடும் வண்டிகளைச் செய்வோரே உளர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டியும் ஓசூரில் தோன்றின. அத்தகைய ஊரிலே, வண்டிப் புகையைக் குறைக்கும் விதிகள் வந்த வரலாறு விசித்திரமானது.

1996 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களிலும் தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியிலும் மட்டும் டீசலின் கந்தக வரம்பு 5,000 பங்காகக் குறைக்கப்பட்டது. 1990களின் இறுதியில் நாட்டின் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் கந்தக நீக்கக் கலங்கள் நிறுவப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வரம்பு 2,500 ஆயிற்று, 2005இல் 500, 2010இல் 350. ஆனால் அதே 2010 ஏப்ரலில், பாரத் நான்காம் நிலை எனப்பட்ட 50 பங்கு எண்ணெய் 13 நகரங்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது. அவற்றுள் சென்னை உண்டு, பெங்களூர் உண்டு, ஓசூர் இல்லை. ஓசூரின் எல்லையாகிய ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியை அடைந்தால் கன்னட நாடு. பெங்களூர் நகரமோ அங்கிருந்து கூப்பிடு தூரமே. நகரத்து விதி ஒன்று, நகரத்துக்கு லாரி செய்து அனுப்பும் ஊரின் விதி மற்றொன்று என்றாயிற்று.

காற்றுக்குச் சோதனைச் சாவடி இல்லை என்பது ஒருபுறம் இருக்க, வண்டிக்கு நேர்ந்த இடர் அதனினும் பெரிது. புகையைத் தூய்மை செய்யும் கருவிகளில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் கிரியா ஊக்கிகளாக வேலை செய்கின்றன. கந்தகம் அவற்றின் மேற்பரப்பில் படிந்து செயலை முடக்குகிறது. கந்தக டை ஆக்ஸைடு அங்கேயே திராவகத் துகளாக மாறிப் புகையை மிகுவிப்பதும் உண்டு. எனவே தூய வண்டிக்குத் தூய எண்ணெய் வழியெல்லாம் கிடைக்க வேண்டும். இல்லையேல் அவ்வண்டியை நஞ்சூட்டியவாறாகும். மாநிலம் கடந்து ஓடும் லாரி இன்று பெங்களூரிலும், நாளை கிருஷ்ணகிரியிலும், மறுநாள் நாகபுரியிலும் எண்ணெய் நிரப்பும். அதனாலேயே மாநிலம் கடந்து ஓட அனுமதி பெற்ற வண்டிகளுக்கு நகரத்து விதியிலிருந்து விலக்கு அளிக்க நேர்ந்தது. பதின்மூன்று நகரங்களைத் தூய்மை செய்யப் புகுந்து, அந்நகரங்களின் ஊடே ஓடும் மிகப் பெரிய புகைவண்டிகளை விட்டுவிட்டோம். ஒரு குளத்தின் ஒரு மூலையை மட்டும் தெளிய வைத்தல் எவ்வாறு கூடும்?

இக்குறை 2017 ஏப்ரல் 1ஆம் தேதி நீங்கியது. அன்று முதல் நாடு முழுவதும் 50 பங்கு எண்ணெய். அதற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 29ஆம் தேதி, பழைய மூன்றாம் நிலை வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. விற்காமல் தேங்கியிருந்த வண்டிகள் ஏறத்தாழ எட்டு லட்சம். ஐந்தாம் நிலையைத் தாண்டி நேரே ஆறாம் நிலைக்குச் செல்வதென்று அரசாங்கம் 2016ஆம் ஆண்டிலேயே முடிவு செய்திருந்தது. அதன்படி 2018 ஏப்ரலில் தில்லிக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் 10 பங்கு எண்ணெய் வந்தது. ஊரடங்கினால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், எவரும் கவனியாமல், இந்தியாவின் எண்ணெய் இவ்வாறு தூய்மை பெற்றது.

அதன் பின்னரே புதிய லாரிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை யூரியாக் கரைசலால் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றும் கருவியும் ஒருங்கே இடம்பெற முடிந்தன. நான்காம் நிலையில் ஓர் அலகு வேலைக்கு 3.5 கிராம் வரை அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்ஸைடுகள், ஆறாம் நிலையில் அரைக் கிராமுக்கும் கீழே தாழ்ந்தன. வண்டி செய்வோர் எத்துணை வல்லவராயினும், எண்ணெய் செய்வோர் தம் கடமையை முடிக்கும் வரை அவர் கைகள் கட்டுண்டே இருந்தன என்பது இதனால் விளங்கும்.

தந்தையாரின் மூன்றாம் வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. அது முழுதும் இனிய விடை அன்று. எங்கள் லாரி 2012ஆம் ஆண்டு வாங்கப்பட்ட மூன்றாம் நிலை வண்டி. தூய எண்ணெயால் அதன் கந்தகப் புகை உடனே குறைந்தது. எஞ்சின் அரிப்பும் குறைந்தது. ஆனால் அதில் வடிகட்டி இல்லை, யூரியாத் தொட்டியும் இல்லை. ஆதலின் கரும்புகை நின்றபாடில்லை. எண்ணெயின் தூய்மை பாதியே. மற்றப் பாதி வண்டியில் உள்ளது. புது வண்டி வாங்கும் பொருள் இல்லாதவர்க்கு அந்தப் பாதி எட்டாததாகவே இருக்கிறது. மற்றொன்று: ஹைட்ரஜனால் கந்தகத்தை நீக்கும்போது எண்ணெயின் இயற்கையான வழவழப்பும் குறைந்து, எண்ணெயைப் பாய்ச்சும் பம்பு தேய்வதற்கு இடமாகும். இதனை அறிந்தே சுத்திகரிப்போர் வழவழப்புத் தரும் மருந்தைச் சிறிது கலந்து அனுப்புகின்றனர். ஆகவே தந்தையார் அஞ்ச வேண்டியதில்லை. இன்னும் ஓர் உண்மையையும் மறைத்தலாகாது: இதற்கு வேண்டும் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தோ நாப்தாவிலிருந்தோ செய்யப்படுகிறது, அப்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. ஒரு மாசை நீக்க வேறொரு விலை கொடுக்கிறோம். இவ்விலை வேண்டாம் என்பார்போல, ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் 2021 முதல் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன; பாரம் சுமக்கும் லாரியோ பெரும்பாலும் இன்னும் டீசலையே நம்பியிருக்கிறது.

எஞ்சியது இரண்டாம் வினா: எடுத்த கந்தகம் எங்கே போயிற்று? கலத்திலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் ஸல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமுடைய கொடிய நஞ்சு. அதனை வானில் விட்டால் செய்த வேலை அனைத்தும் வீண். ஆதலின் ‘அமீன்’ என்னும் கரைசலால் அதனை உறிஞ்சிப் பிரித்து, 1883ஆம் ஆண்டில் கிளாஸ் என்பவர் உரிமை பெற்ற முறையின் வழி நடத்துகின்றனர். மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டை ஆக்ஸைடு ஆக்கி, அதனை மீதியோடு கலந்தால், நஞ்சும் நஞ்சும் கூடி நீரும் கந்தகமுமாக மாறுகின்றன! உருகிய கந்தகம் குழாயில் வழிந்து, ஆறியதும் மஞ்சள் பாறையாக உறைகிறது. உலகில் இன்று விற்பனையாகும் கந்தகத்தில் மிகப் பெரும் பகுதி எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் இவ்வாறு பிரித்ததே. பிராஷ் கண்ட கொதிநீர்ச் சுரங்கங்களில் அமெரிக்காவில் எஞ்சியிருந்த கடைசிச் சுரங்கமும் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவருடைய முதல் வேலை வளர்ந்து, அவருடைய இரண்டாம் வேலையை வென்றுவிட்டது.

அக்கந்தகம் திராவகமாகிப் பயிருக்கு உரம் செய்ய உதவுகிறது. ரப்பரைக் கெட்டியாக்கி லாரிச் சக்கரத்தின் டயராகிறது. சிவகாசியில் தீக்குச்சியின் தலையிலும் இருக்கிறது. நனையும் கந்தகம் என்ற பெயருடன் உரக்கடையிலும் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்களில் மரம் பூக்கும் பருவத்தில் பூங்கொத்தைச் சாம்பல் நோய் பற்றினால், குடியானவர் தெளிப்பது அக்கந்தகமே. ஓசூர் ரோஜாத் தோட்டங்களிலும் அதுவே. புகையாக வந்தால் தோப்புக்குத் தீங்கு செய்யும் பொருள், மருந்தாக வந்தால் அதே தோப்பைக் காக்கிறது. சித்தர்கள் கண்ட நுட்பமும் இதுவன்றோ? பொருளில் குற்றம் இல்லை. இருக்கத்தகாத இடத்தில் இருப்பதே குற்றம்.

இவற்றையெல்லாம் தசரா விடுமுறையில் தந்தையாரிடம் விளக்கினேன். நடுவில் தடுக்காமல் கேட்டார். முடிவில், “அப்படியானால் இருபது வருஷம் நான் மூச்சில் இழுத்ததுதான் இப்போது மாமரத்துக்கு மருந்தா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. யான் சிரிக்கவில்லை. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்னும் அச்சிறிய எண்ணை இத்தேசம் இன்னும் சில ஆண்டுகள் முன்னதாக அடைந்திருந்தால் என்று எண்ணினேன். பெருநகரங்களுக்கு ஒரு காற்றும் சாலையோரத்தார்க்கு ஒரு காற்றும் என்று இனியும் வகுக்கலாகாது. அறிவு கைவந்த பின்னர் அதன் பயனைத் தாழ்த்துவதும் ஒரு மாசே. அதனை நீக்கும் பொறுப்பு, இக்கல்லூரியில் எந்த வகுப்பில் பயில்வோராயினும், நம் எல்லோரையும் சார்ந்தது.